குனிந்த மலரும் நிமிர்ந்த கருவியும்

மணி வடிவில் மலரும் பூக்களைப் படம்பிடிப்பது இன்று பலருக்கும் இனிய பொழுதுபோக்காகிவிட்டது. விலையுயர்ந்த கருவியும் படச்சுருளும் வாங்க வசதி படைத்தவர்க்கே ஒரு காலத்தில் உரியதாயிருந்த இக்கலை, கைப்பேசி வந்தபின் எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. பங்குத் திருவிழா மலரின் அட்டையிலும், ஆண்டு நாட்காட்டியின் தாள்களிலும், விடியுமுன் கைப்பேசிக்கு வந்து சேரும் காலை வணக்கங்களிலும் இப்பூக்களைக் காண்கின்றோம். வண்ணமும் தெளிவும் குறைவின்றி அமைந்த படங்களே பெரும்பாலானவை. எனினும் அவற்றுள் பலவற்றில் ஒரு பொய் ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தொங்க வேண்டிய மலர் அப்படங்களில் தொங்குவதில்லை. நம்மை நோக்கி முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சுசீந்திரத்தைச் சுற்றி இக்கலைக்கான பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தாணுமாலயன் கோவிலின் வெண்கோபுரம் தெரியும் வயல்வெளிகள், பழையாற்றின் கரைகள், 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் ஆகியவற்றை நாடி, நீண்ட குழல் பூட்டிய கருவிகளோடு அன்பர்கள் வருகின்றனர். அவர்கள் கண் பறவையின்மீதும் தாமரையின்மீதும் இருக்கும். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் பூவரசு பூத்திருக்கும். வேலியோரம் மஞ்சள் அரளி, மதிலின்மேல் மலையாள வழக்கில் கோளாம்பிப் பூ எனப்படும் அலமாண்டா, கல்லிடுக்கில், இலையைக் கட்டித் தொங்கவிட்டாலும் முளைவிடுவதால் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று பெயர் பெற்ற செடி, குப்பைமேட்டில் ஊமத்தை. தோட்டத்துப் பூவும் காட்டுப் பூவும் இங்கே ஒரு வேலி இடைவெளியில் அண்டை வீட்டாராய் வாழ்கின்றன.

இவையெல்லாம் ஒரே விதமாய்த் தொங்குவன அல்ல. ஊமத்தை சற்றே சாய்ந்து, எக்காளத்தைப்போல் வாய் நிமிர்ந்திருக்கும். மஞ்சள் அரளி பக்கவாட்டில் சாயும். பூவரசு முழுவதும் விரிவதே இல்லை. பாதி திறந்த மணியாகவே தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும். கட்டிப்போட்டால் குட்டி போடும் செடியின் பூங்கொத்துத்தான் உண்மையில் தலைகீழாய்த் தொங்குவது. காகிதம்போன்ற புல்லி வட்டம் ஊதிய பையாய் இறங்க, அதன் வாயிலிருந்து சிவந்த இதழ் நுனிகள் எட்டிப் பார்க்கும். தேன்சிட்டு வந்து கீழிருந்தே அலகை நீட்டும்.

குனிவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையிலும் நனையும் மாவட்டம் நம்முடையது. வாய் மேலே திறந்த பூவில் மழைநீர் தேங்கினால் தேன் நீர்த்துப்போகும். மகரந்தம் நனைந்து பயனற்றுப்போகும். கவிழ்ந்த மணி தனக்குத்தானே கூரையாகிறது. அத்துடன், தொங்கியபடியே தேனை எடுக்க வல்ல விருந்தாளிக்கு மட்டும் அது கதவு திறக்கிறது. ஆகவே பூவின் சாய்வு அதன் தொழிலோடு ஒட்டியது. அச்சாய்வை அகற்றிவிட்டு எடுத்த படம், கூரையைப் பிரித்துவிட்டு வீட்டைப் படமெடுத்ததற்கு ஒப்பாகும்.

அகற்றும் வழிகள் பல. காம்பை நூலால் கட்டி நிமிர்த்துவர். பூவைக் கொய்து கையில் ஏந்திக் கருவிக்கு நேரே பிடிப்பர். பின்னால் கறுப்புத் துணியை விரித்து இலையையும் தண்டையும் மறைப்பர். கிளிசரின் கலந்த நீரைத் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவோரும் உளர். அத்துளி உச்சிவெயிலிலும் உலராது. கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த உலராமையே காட்டிக்கொடுத்துவிடும். இத்தந்திரங்களை எல்லாம் கைவிட்டால் எஞ்சுவது ஒரே வழிதான்: படமெடுப்பவர் மண்டியிட வேண்டும், சில வேளைகளில் மண்ணில் மல்லாந்து படுக்கவும் வேண்டும். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி பூவின் இருண்ட உட்புறத்தை மெல்ல விளக்கும். கதிரவன் பூவுக்குப் பின்னால் நிற்கும் வேளையாயின், இதழே விளக்குக் கண்ணாடியாகி, நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும். செலவில்லாத முறைதான், வேட்டி மட்டும் அழுக்காகும்.

நம் முன்னோருள் கல்தச்சர் இதனை அறிந்திருந்தனர். விசயநகர, நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களின் போதிகைகளில் தலைகீழாய்த் தொங்கும் பூமுனையை வாசகர் பார்த்திருக்கலாம். அதனைச் செதுக்கியவன், நிற்பவனின் கண்ணுக்கு நேராகப் பூவை இறக்கித் திருப்பி வைக்கவில்லை. மண்டபத்துக்குள் வந்தவன் அண்ணாந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். கல்லில் பூத்த பூவுக்கே அவ்வளவு மதிப்பு இருந்தது.

இதுவரை கருவியேந்தியோரைக் குறை கூறினோம். அவர்கள் படத்துக்குக் கீழே வாசகம் எழுதுவோர் பெரும்பாலும் நம்மவர், அவர்களையும் தப்பவிடலாகாது. குனிந்த பூவைக் கண்டதும் 'தாழ்ச்சி' என்று எழுதிவிடுகின்றனர். அன்னை மரியாளின் தாழ்ச்சியையோ அடியாரின் பணிவையோ அத்துடன் இணைத்து நான்கு வரி சேர்த்துவிட்டால் நாட்காட்டித் தாள் நிறைவடைந்துவிடுகிறது. மறையுரைகளிலும் இதே பூ இதே பணிவோடு வந்து போகிறது. பூ பணிவுள்ளதன்று; செருக்குள்ளதுமன்று. அது தன் மகரந்தத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. நம் அறப்பாடத்தை அதன் கழுத்தில் மாட்டுவது, நூலால் கட்டி நிமிர்த்துவதைவிட எவ்வகையில் மேலானது? முன்னவர் பூவைத் தம் கருவிக்கு வளைக்கின்றனர். பின்னவர் தம் வாசகத்துக்கு வளைக்கின்றனர்.

உவமையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டவரே வயல்வெளி மலர்களைக் காட்டிப் போதித்தவர். ஆயினும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், அவ்விடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல்லைக் கவனித்தல் நலம். வெறுமனே பார்த்தல் என்னும் பொருளில் அது நிற்பதில்லை. ஆழ்ந்து கற்றறிதல், மாணவனாய் இருந்து பயிலுதல் என்னும் பொருளுடையது. கற்க வேண்டியதாக அங்கே சுட்டப்படுவதும் மலரின் வளர்ச்சியே. சாலமோனின் உடையோடு ஒப்பிடும் பேச்சு அதன் பின்னரே வருகிறது. கற்றலுக்குப் பிறகு வந்த உவமை அது. கற்காமல் வரும் உவமை காகிதப்பூ. விடுதலைப் பயண நூலில் தலைமைக் குருவின் அங்கியோரத்தில் பொன்மணியும் மாதுளையும் மாறிமாறித் தைக்கப்பட்டன என்று வாசிக்கின்றோம். மாதுளம்பூவே ஒரு சிறு மணிபோல் இருப்பதை வீட்டுக் கொல்லையில் கண்டவர்க்கு அவ்விடம் வேறு விதமாய்ச் சுவைக்கும். பெரிய வியாழன் இரவு ஓய்ந்த ஆலய மணியைப் பாஸ்கா திருவிழிப்புவரை கேளாமல் இருந்து பழகியவர்க்கு, ஒலிக்காத மணி என்பதும் பொருளற்ற சொல்லன்று.

கற்றுக்கொண்டு காட்டியவர்கள் நம் திருச்சபைக்குள்ளேயே இருந்திருக்கின்றனர். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த அருட்தந்தை லூயி ஆங்லேட், பழனிமலைச் செடிகளைத் தாமே தேடிச் சென்று வரைந்தவர். மலைமேலுள்ள கற்பதுக்கைகளை ஆராய்ந்து 1928இல் நூல் வெளியிட்டவரும் அவரே. அவர் பெயரால் அங்கே இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றை அமைத்தவர் அருட்தந்தை கே. எம். மேத்யூ. 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நிறுவி, தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கும், பின்னர் பழனிமலைத் தாவரங்களுக்கும் பெருந்தொகுதிகள் படைத்து, 2004இல் மறைந்தவர் அவர். 1982இல் அவர் வெளியிட்ட கோட்டோவியத் தொகுதி ஒளிப்படக் கலைஞர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கத் தக்கது என்போம். வண்ணம் இல்லை, பனித்துளி இல்லை. தாவரவியல் ஓவிய மரபின்படி, மணிப்பூ ஒன்றை வரைவோர் அதன் அல்லி வட்டத்தை நீளவாக்கில் பிளந்து, விரித்து, உள்ளே மகரந்தத் தாள்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று காட்டுவர். அருகிலேயே காம்பு, இலை, காய், விதை ஆகியவை இருக்கும்.

ஒளிப்படத்தால் இவ்வாறு பிளந்து காட்ட இயலாதா எனின், இயலும். 1928இல் வெளிவந்த தம் படநூலால் புகழ்பெற்ற செருமானியர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட், மணிப்பூச் செடி ஒன்றின் இதழ்களை நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதியைப் பன்மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். கல் தூணோ இரும்புக் கம்பியோ என்று திகைக்கவைக்கும் படம் அது. வியக்கின்றோம், ஆனால் அதில் செடி இல்லை, மண் இல்லை, வண்டு இல்லை. மாணவர்க்கு வடிவம் கற்பிக்க உதவும் பாடப்பொருளாக அவர் செடியைக் கண்டார். அக்குறிக்கோளில் வென்றார். நம் துறவியரின் கோட்டோவியமும் பூவைப் பிளந்ததே. எனினும் பிளந்தபின் அதன் காயையும் விதையையும் ஊரையும் சேர்த்துச் சொன்னது. அவ்வகையில் அதுவே பெரிது என்பது நம் கருத்து.

ஓவியத்தால் இயலாத ஒன்று ஒளிப்படத்துக்கு உண்டு. அது காலம். பூவரசம்பூ காலையில் எலுமிச்சை மஞ்சளாய், அடியில் கருஞ்சிவப்புக் கண்ணோடு திறக்கும். பொழுது ஏற ஏற ஆரஞ்சு வண்ணம் படரும். மாலையில் செந்நிறம் கொள்ளும். மறுநாள் ஊதாச் சருகாய்ச் சுருங்கி உதிரும். நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிய தண்டு, அச்சாக மணியின் நாக்குப்போல் இருக்கும். நாட்காட்டியிலோ காலை மஞ்சள் மட்டுமே வருகிறது. ஒரே கிளை, ஒரே கோணம், காலை, நண்பகல், அந்தி என்று மூன்று படங்களை வரிசையாய் வைத்த ஒருவர் பூவரசைப் பற்றி ஒரு நூல் எழுதியவர் ஆவார். இம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட தெஸ்பேசியா என்னும் பெயர், தெய்விகமானது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் சிறுவர் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினர். இரண்டும் அம்மரத்துக்குச் சிறப்பே.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும், 1996இல் மறைந்த இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், வண்ணப்படம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்தார். விலங்குகளே அவருடைய முதன்மைப் பொருள். எனினும் மணிப்பூவை எடுப்போர் அவர் வழியில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். மஞ்சளை நீக்கிவிட்டால் மணியின் வளைவும் உள்ளிருளும் விளிம்பின் மடிப்பும்தாம் எஞ்சும். வடிவத்தைக் காணாமல் வண்ணத்தில் மயங்கிய படம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.

மஞ்சள் அரளியிடம் வருவோம். இன்று வேலிதோறும் நிற்கும் இச்செடியும் அலமாண்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அரளி இன்று சிவன் கோவில்களிலும் ஏற்கப்படும் மலர். அதனை அந்நியம் என்று எவரும் ஒதுக்கியதில்லை. வேறு சில வரவுகளைப் பற்றிப் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம், அது நிற்க. பொன்னிற மணிபோல் சிரிக்கும் இதன் உடலெங்கும் நஞ்சு. தமிழகத்திலும், 1980கள் முதல் இலங்கையின் வடபகுதியிலும், இச்செடி எத்தனை வீடுகளில் தீராத துயரைக் கொண்டுவந்தது என்பதை இறுதிச் சடங்கு நடத்தும் குருக்களும் அறிவர். அரசு மருத்துவமனை வாயிலில் இரவெல்லாம் அமர்ந்திருந்த பெற்றோரும் அறிவர். 'மகிழ்ச்சியின் மஞ்சள் மணிகள்' என்ற வகையில் வாசகம் எழுதி இப்படத்தை அனுப்பி மகிழ்வோர், அது எத்தகைய வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுவதில்லை. படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று. பூவோடு அதே கிளையில் தொங்கும் பச்சைக் காயையும் சட்டத்துக்குள் சேர்த்து, கீழே செடியின் பெயரை எழுதினால், படம் அழகோடு உண்மையும் பெறும். அறியாத குழந்தை ஒன்றுக்கு எச்சரிக்கையாகவும் பயன்படும்.

பெயர் எழுதும் வழக்கமே நம்மிடம் அருகிவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மரபில் வந்தவர்கள் நாம். இன்றைய படத்தின் அடியில் 'மலர்' என்றிருக்கும். அல்லது ஒன்றுமே இராது. ஊமத்தைக்கோ படமும் இல்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் 1932இல் தீட்டிய வெள்ளை ஊமத்தை இனப் பூவின் ஓவியம், 2014இல் நடந்த ஏலத்தில் 4 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. நம் குப்பைமேட்டு ஊமத்தையின் முன் கைப்பேசியை உயர்த்துவார் இல்லை.

காட்டுப் பூவுக்கு மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட நிகழ்வு ஒன்றையும் பார்க்க வேண்டும். நீலக்குறிஞ்சியும் மணி வடிவப் பூவே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மூணாற்றிலும் பழனிமலையிலும் அது பூத்தது. 2006இல் அதற்கு அஞ்சல் தலையும் வந்தது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் மூணாற்றுச் சாலைகளைத் துண்டித்தும், நீர் வடிந்தபின் மக்கள் திரண்டனர். அவ்வாண்டின் படங்கள் எண்ணிறந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே படம்: நீலக் கம்பளம் விரித்த மலைச்சரிவு, அதன் நடுவே கைவிரித்து நிற்கும் மனிதர். அந்த மனிதர் நிற்குமிடத்தில் சற்று முன்வரை செடி நின்றதோ என்ற ஐயம் அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எழுகிறது. தனி மணி ஒன்றின் மென்னீலமும், முதிர முதிர அது ஊதாவாய் மாறுவதும் அவற்றுள் மிகச் சிலவற்றிலேயே காணக்கிடைத்தன.

தமிழில் இச்செயலுக்குப் படம் எடுத்தல், படம் பிடித்தல் என இரு வழக்குகள் உண்டு. எடுத்தலும் பிடித்தலும் நம் கையை முன்னிறுத்தும் சொற்களே. பாம்பும் படம் எடுக்கும். அது தன்னைக் காத்துக்கொள்ள. குறிஞ்சிச் சரிவில் சிலர் படத்தோடு பூங்கொத்தையும் ஒடித்து எடுத்துச் சென்றனர். குறிஞ்சி ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும் செடி. ஒடித்த கொத்து, பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பூக்க வேண்டிய செடிகளை ஒடித்ததாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில், காக்கப்பட வேண்டிய செடிகளின் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றுள்ளது. சட்டம் வேண்டியிருந்ததே என்பதுதான் வருத்தம்.

அடுத்த பூப்பு 2030இல். அதற்குள் நம் இளைஞர் பயிலுவதற்கு மலை ஏற வேண்டியதில்லை. பங்கு மலரின் பதிப்பாளர்கள், படத்தோடு பூவின் பெயரும் ஊரும் எடுத்த வேளையும் வராத எதனையும் அச்சேற்றுவதில்லை என்று முடிவு செய்தால், ஓர் ஆண்டிலேயே படங்களின் தரம் மாறிவிடும். பயிற்சிக்குப் பூவரசு போதும். நாஞ்சில் நாட்டு வாய்க்கால் கரைகளில் அதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. காலையில் மஞ்சளாய்த் திறக்கும், மாலையில் சிவக்கும், மறுநாள் அடிமரத்தைச் சுற்றி ஊதாச் சருகாய்க் கிடக்கும். அந்தச் சருகைப் படமெடுத்தவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.